லூர்துக்குப் போகவிருந்த விமானத்தை நான் ஏற்காத காலை

கையெழுத்து

விமான நிறுவனம் விமானத்தைக் கொடுக்கிறது, விமானி அதை ஓட்டுகிறார் என்றுதான் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அப்படியல்ல. பறக்கத் தகுதியானது என்று முதலில் இன்ஜினியர் கையெழுத்திடுகிறார். அதன்பின் கப்டன் விமானத்தைச் சுற்றிப் பார்க்கிறார்; அதற்கு அண்மையில் வந்துபோன கோளாறுகளைப் படிக்கிறார்; பிறகு, ஏற்றுக்கொண்டேன் என்று தன் கையெழுத்தை இடுகிறார். அந்த இரண்டாவது கையெழுத்து விழும்வரை அது தரையில் நிற்கும் உலோகம்தான்.

லண்டனின் ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு நான் வரும்போதெல்லாம் ஏ-லெவல் படிக்கும் தம்பி தங்கைகள் என்னைச் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்கிறார்கள். எத்தனை நாடு பார்த்தீர்கள், இடி மின்னலுக்குள் போயிருக்கிறீர்களா, தூக்கம் வராதா என்று கேட்கிறார்கள். "ஒரு விமானத்தை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்களா?" என்று ஒருவரும் கேட்டதில்லை. சொல்லியிருக்கிறேன். கப்டனாக உயர்ந்த முதல் கோடைகாலத்தில், ஒரே ஒரு தடவை. கேட்கப்படாத அந்தக் கேள்விக்கான விடையே இந்தக் குறிப்பு.

அன்று எங்களுடையது தனி ஒப்பந்தப் பறப்பு, லண்டனிலிருந்து பிரான்சின் மாதா திருத்தலமான லூர்துக்கு. பயணிகளில் பெரும்பகுதியினர் நம்மவர்கள். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வேர்கொண்டு, லண்டனின் பல கோயில் பங்குகளில் வாழும் கத்தோலிக்கத் தமிழர்கள். நோயாளர் சிலர் சக்கர நாற்காலிகளில் வந்திருந்தார்கள். ஹவுன்ஸ்லோவில் வளர்ந்தவள் நான். சிறுவயதில் கோயிலில் முதல் நன்மை வாங்கிய நாளில் எடுத்த என் படத்தில் பின்வரிசையில் நிற்கும் முகங்கள் பல அன்று விமானத்துக்குள் இருந்தன.

திருப்பயணத்தை ஒழுங்கு செய்தவர் ரீற்றா அன்ரி. எங்கள் பங்கில் பாடகர் குழுவின் நாற்காலி முதல் இயேசு பிறப்பைக் கொண்டாடும் நத்தார் விருந்தின் ரோல்ஸ் பலகாரம் வரை அவரைக் கேளாமல் எதுவும் அசையாது. லூர்தில் மாதா காட்சியளித்த குகையான கெபியின் முன்னே முழுக்க முழுக்கத் தமிழில் ஒரு திருப்பலி என்பது அவருடைய பல வருட ஆசை. எழுதியும் தொலைபேசியில் கெஞ்சியும் சண்டையிட்டும் அந்த நேரத்தைப் பெற்றிருந்தார். அது அன்று மாலை. தவறினால் அடுத்த நேரம் வேறொரு நாட்டுக் குழுவுக்குரியது. இதைப் பல மாதங்களாக ஒவ்வொரு ஞாயிறும் கோயில் வாசலில் அறிவித்து வந்தார். ஆகவே விமானத்தில் நான் அமர்ந்தபோது, அங்கே என்ன காத்திருக்கிறது என்பதை அறிந்தே அமர்ந்தேன்.

என் துணைவிமானி டொம். அதிகம் பேசாத வெல்ஷ்காரர். மின்சாரம் கொடுத்ததும் எங்கள் முன்னே மஞ்சள் எச்சரிக்கை ஒன்று தோன்றியது. முன்சக்கர ஸ்டியரிங் கோளாறு என்றது. விமானம் தரையில் ஓடும்போது அதைத் திருப்புவது அந்த முன்சக்கரம்தான். சவுத்தாலில் வாழும் பஞ்சாபி இன்ஜினியர் ஒருவர் வந்தார். உரிய கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கினார், எச்சரிக்கை மறைந்தது. சோதனை செய்தார், தேறியது. கையெழுத்திட்டார். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. அண்மைக் காலத்தில் அதே விமானத்தில் அதே எச்சரிக்கை பல முறை வந்திருக்கிறது, ஒவ்வொரு முறையும் இதே வைத்தியம் நடந்திருக்கிறது என்பது எல்லோரும் அறிந்ததே.

"ஏன் வருகிறது?" என்று கேட்டேன்.

நேர்மையான மனிதர். "தெரியாது. ஹேங்கர் கொட்டகைக்குள் கொண்டுபோய் வயரிங்கையும் சென்சரையும் ஆறஅமரப் பார்த்தால்தான் தெரியும். இங்கே நிறுத்திவைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. விதிப்படி விடலாம், விட்டிருக்கிறேன்," என்றார்.

அவருடைய கையெழுத்துக்குக் கீழே என்னுடைய இடம் வெறுமையாக இருந்தது. லூர்தில் மழையும் பக்கக் காற்றும் என்றது வானிலை அறிக்கை. பின்னால் பயணிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

ஒட்டியும் வெட்டியும்

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அடக்கம் கருதி அதைக் குறைத்துச் சொல்லப் போவதில்லை. பள்ளிப் பருவம் முதல் மேடையில் நின்றவள் நான். இந்த நகரத்தின் தமிழ் விவாத மேடைகளில் என் பெயரை அறியாத நடுவர் இல்லை. எங்கள் போட்டிகளில் மேடை ஏறுவதற்குச் சற்று முன்புதான் சீட்டுக் குலுக்குவார்கள். ஒட்டிப் பேசுவதா வெட்டிப் பேசுவதா என்பது அப்போதுதான் தெரியும். எனவே இரண்டு பக்கத்துக்கும் ஆயத்தமாகச் செல்வோம். அந்தப் பயிற்சி எனக்குக் கிடைத்த பெருஞ்செல்வம் என்று இன்றும் நம்புகிறேன்.

எங்கள் அலுவலகத்தின் டியூட்டி மனேஜரைத் தொலைபேசியில் அழைத்தேன். அன்றைய விமானங்கள் அனைத்தும் எங்கே, எப்போது, எவருடன் போக வேண்டும் என்று தீர்மானிப்பவர் அவர். என் வாதத்தை மூன்று கிளையாகப் பிரித்துக்கொண்டேன்.

முதலாவது, இந்தக் கோளாறு திரும்பத் திரும்ப வருகிறது என்றேன். "ஒவ்வொரு முறையும் சோதனையில் தேறியிருக்கிறது. விதி கேட்பதும் அதைத்தான்," என்றார். இரண்டாவது, தரையிறங்கி வேகமாக ஓடும் நேரத்தில் அது வந்து, விமானம் ஓடுபாதையைவிட்டு விலகினால் என்ன செய்வது என்றேன். "சுக்கான் இருக்கிறது, பிரேக் இருக்கிறது. சிமுலேற்றரில் எதற்குப் பயிற்சி தந்தோம்?" என்றார். மூன்றாவது, அங்கே மழை, பக்கக் காற்று என்றேன். "இரண்டும் எல்லைக்குள்தானே?" என்றவர், கொசுறாக ஒன்றையும் சேர்த்தார்: "நேற்று உங்களைவிட மூத்த கப்டன் ஒருவர் இதே விமானத்தை எடுத்துச் சென்றார்."

அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. நான் நடுவராக இருந்திருந்தால் புள்ளிகளை அவருக்கே கொடுத்திருப்பேன். அதைவிட விசித்திரம், எனக்குள்ளிருந்த பேச்சுக்காரி அதற்குள் அணி மாறி, அவருடைய கட்சியை அவரைவிட அழகாகப் பேசத் தொடங்கியிருந்தாள். இரண்டு பக்கமும் பேசத் தெரிந்தவர் தன்னைத் தானே வென்றுவிட முடியும். அதிலும், விமானம் நிறைந்து, நேரம் நெருங்கி, எல்லோரும் புறப்பாட்டை எதிர்பார்த்திருக்கும்போது, போகலாம் என்ற பக்கத்துக்குச் சொற்கள் தாமாகவே வந்து வரிசையில் நிற்கும்.

யோசித்துச் சொல்கிறேன் என்று தொலைபேசியை வைத்தேன். அப்போது கதவருகில் சுதன் அண்ணை தோன்றினார். விமானம் குறித்த நேரத்தில் இடத்தைவிட்டு நகரவேண்டியதற்குப் பொறுப்பான தரைப்பணி அலுவலர் அவர். மஞ்சள் மேற்சட்டையும் வோக்கி டோக்கியுமாக ஓடித்திரிபவர். அவரும் ஹவுன்ஸ்லோதான்.

"என்ன கப்டன், கதவு சாத்துவமோ?"

"இல்லை அண்ணை. நான் இன்னும் சைன் பண்ணேல்லை."

"இன்ஜினியர் வைச்சிட்டாரெல்லே?"

"அவர் வைச்சிட்டார். நான் வைக்கேல்லை."

"ஐயோ பிள்ளை, முன்சில்லு தானே! என்ர வான் வண்டியிலையும் ஒரு மஞ்சள் லைற் எரியுது. ரெண்டு வருசமா ஓடுறன்."

"உங்கட வண்டியிலையும் நான் ஏறமாட்டன் அண்ணை."

டொமுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சுதன் அண்ணையின் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்தார்.

"சரி, விளையாட்டை விடு. உள்ளுக்கை ரீற்றா அக்கா நிமிசத்துக்கு நிமிசம் மணிக்கூட்டைப் பாக்கிறா. வெளிக்கிடு தங்கச்சி, மாதா பாத்துக்கொள்ளுவா."

"முன்சில்லை மாதா பாக்கிறதெண்டால் என்னை ஏன் அண்ணை வேலைக்கு வைச்சிருக்கினம்?"

"உன்னோடை கதைச்சு வெல்லேலாது."

"இண்டைக்கு நான் கதைச்சுத் தோத்திட்டன் அண்ணை. மூண்டு பொயின்ற் சொன்னன், மூண்டுக்கும் மறுமொழி வந்திட்டுது. ஆனால் ஏலாது."

இதைச் சொன்ன பிறகுதான் எனக்கே அது விளங்கியது. விவாத மேடையில் இரு அணியும் சமமான இடத்திலிருந்து தொடங்குகின்றன. விமானி அறையில் அப்படியில்லை. போவோம் என்பவர்தான் அனைத்தையும் நிறுவ வேண்டும். வேண்டாம் என்பவரிடம் விடை கிடைக்காத ஒரு கேள்வி மீதமிருந்தால் போதும். என்னிடம் அது இருந்தது. இது ஏன் வருகிறது? அன்று அந்த விமான நிலையத்தில் அதற்கு விடை சொல்ல எவரும் இல்லை.

டொமின் கருத்தைக் கேட்டேன். "போக வேண்டாம் என்று நீங்களே முதலில் சொல்ல வேண்டும் எனப் பார்த்துக்கொண்டிருந்தேன்," என்றார்.

டியூட்டி மனேஜரை மீண்டும் அழைத்தேன். "நீங்கள் சொன்னவை சரி. அவற்றுக்கு என்னிடம் மறுப்பில்லை. விமானத்தை நான் ஏற்கவில்லை," என்றேன். காரணம் என்று எதைப் பதிவது எனக் கேட்டார். "கோளாறின் காரணம் தெரியவில்லை என்பதே காரணம்," என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை. அந்தப் பண்பை நான் இன்றும் மதிக்கிறேன். "சரி, வேறொன்று தேடுகிறேன். நேரமெடுக்கும்," என்று மட்டும் சொன்னார்.

கைதட்டல்

பயணிகளுக்கு அறிவிக்க வேண்டும். முதலில் ஆங்கிலத்தில் சுருக்கமாக அறிவித்தேன். அந்த நேரத்தில் விமானம் முழுவதும் உரத்த குரலில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. என் ஆங்கிலம் எவர் காதிலும் ஏறவில்லை. ஆகவே செபமாலையின் ஒரு பத்துமணிச் செபம் முடியும்வரை காத்திருந்து தமிழில் தொடங்கினேன். தமிழில் ஒலிவாங்கியைப் பிடித்தால் என் நாக்கு அலுவலகத்துக்கு உரியதாக இருப்பதில்லை.

"அன்னை மரியாளின் திருத்தலம் நோக்கிப் புறப்பட்டிருக்கும் பேரன்புக்குரிய இறைமக்களே!" என்றேன். கைதட்டினார்கள். "உங்கள் விமானத்தின் கப்டனாகவும் உங்கள் பங்கின் பிள்ளையாகவும் பேசக் கிடைத்தது நான் பெற்ற பேறு," என்றேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். யாரோ விசிலும் அடித்தார். "உங்கள் ஒவ்வொருவரின் பாதுகாப்பும் என் கைகளில் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது," என்றபோது கைதட்டலில் விமானம் அதிர்ந்தது. கூடியிருந்த அவை என் வசம் வந்துவிட்டதை எந்தப் பேச்சாளரும் உணர்வார். இந்த அவையை எங்கே கொண்டுபோய் நிறுத்தப்போகிறேன் என்பது எனக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

"ஆகவே, இந்த விமானத்தில் நாம் போகப் போவதில்லை."

பின்வரிசையில் இருவர் அதற்கும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு மேலாக ரீற்றா அன்ரியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"என்ன சொன்னவள்?"

தொப்பியை எடுத்து வைத்துவிட்டு வெளியே சென்றேன். இப்படியான செய்தியைச் சொன்னவர் கதவுக்குப் பின்னால் இருக்கக்கூடாது. அன்ரி ஏற்கனவே எழுந்து நடைவழியில் நின்றார்.

"டிலானி, பிளேன் பிழையோ, நீ பிழையோ?"

"பிளேனிலை ஒரு பிழை வந்து வந்து போகுது அன்ரி. ஏனெண்டு ஒருதருக்கும் தெரியாது."

"இப்ப இருக்கோ?"

"இப்ப இல்லை."

"அப்ப இல்லாத பிழைக்கோ எங்களை இறக்கிறாய்?"

"அதுதானே!" என்றது பின்வரிசை. எதிரணியின் மிகக் கூர்மையான கேள்வி அது. டியூட்டி மனேஜருக்குக்கூட அது தோன்றவில்லை. வேறொரு நாளில் எழுந்து நின்று பாராட்டியிருப்பேன்.

"ஓம் அன்ரி. திரும்ப எப்ப வருமெண்டு தெரியாத பிழைக்குத்தான் இறக்கிறன்."

"பின்னேரம் பூசை. போனால் போச்சு. நான் எத்தினை வருசம் அலைஞ்சனான் எண்டு உனக்குத் தெரியுமோ?"

"தெரியும். போனால் அது என்னாலைதான் அன்ரி. வேறை ஒருதரையும் பேசாதேங்கோ."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மக்கள் பக்கம் திரும்பித் தன் தீர்மானத்தை அறிவித்தார்: "வடிவாத் தமிழ் கதைச்சு, கையும் தட்டவைச்சு, இறக்கிப்போட்டாள்!" சிலர் சிரித்தார்கள், சிலருக்குச் சிரிப்பு வரவில்லை. முன்வரிசையில் இருந்த எங்கள் ஃபாதர் செபப் புத்தகத்தை மூடினார். "எழும்புங்கோ ரீற்றா. மிச்சச் செபமாலையைக் கீழை சொல்லுவம்," என்றார்.

ஏற்றுவதைவிட இறக்குவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. உதவியாட்கள் போதாமல் சுதன் அண்ணையே நாற்காலிகளைத் தள்ளினார். என்னைக் கடக்கும்போதெல்லாம் முணுமுணுத்தார்: "ஒரு முன்சில்லுக்கு நான் இப்ப எத்தினை சில்லுத் தள்ளவேண்டிக் கிடக்கு!"

காத்திருப்பு

மாற்று விமானம் வரும்வரை கப்டன் தன் பாட்டில் ஓர் அறையில் இருக்கலாம். நான் வாயிற் கூடத்தில் பயணிகளின் நடுவே சென்று அமர்ந்தேன். ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள், ஒவ்வொருவருக்கும் சொன்னேன். ஒரு பெரியவர் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். ஒருவர் தன் மைத்துனரும் ஒரு பைலற் என்றும், அவர் என்றால் கொண்டுபோயிருப்பார் என்றும் சொன்னார். இருக்கலாம் என்றேன்.

ரீற்றா அன்ரி என்னுடன் பேசவில்லை. தொலைபேசியில் லூர்தோடு போராடிக்கொண்டிருந்தார். ஆங்கிலம் கொஞ்சம், பிரெஞ்சு கொஞ்சம், நடுநடுவே "என்ர மாதாவே". ஆனால் தன் பையிலிருந்து ரோல்ஸ் ஒன்றைக் கடதாசியில் சுற்றி இன்னொருவரிடம் கொடுத்தனுப்பினார். அவர் சொன்னதும் எனக்குக் கேட்டது. "கப்டனுக்குக் குடு. பசி கிடந்தால் வாற பிளேனையும் வேண்டாமெண்டுவாள்." இரு விமானிகளும் ஒரே உணவை உண்ணக்கூடாது என்பது எங்கள் தொழிலின் வழக்கம். டொம் அன்று அதை மிகுந்த துயரத்துடன் கடைப்பிடித்தார்.

விமானம் வந்தது. சுற்றிப் பார்த்தேன், படித்தேன், கையெழுத்திட்டேன். லூர்தில் மழை பெய்தது. காற்றும் பக்கவாட்டில்தான் வீசியது. முன்சக்கரம் சொன்னபடி திரும்பியது. ஆனால் மாலை போய்விட்டது. கெபியின் முன்னே அந்நேரம் வேறொரு மொழியில் திருப்பலி நடந்துகொண்டிருந்தது. கதவருகில் நின்று எல்லோருக்கும் வணக்கம் சொன்னேன். ரீற்றா அன்ரி என்னைக் கடந்து, நாற்காலியில் இருந்த ஒருவரின் போர்வையைச் சரிசெய்தபடி, என் வணக்கத்தை வாங்காமல் இறங்கிப் போனார். அது எனக்கு வலித்தது.

தீர்ப்பு சொல்ல எவருமில்லை

மேடை விவாதத்துக்கு ஒரு முடிவு உண்டு. நடுவர் எழுவார், தொகுத்துரைப்பார், ஓர் அணியின் பெயரைச் சொல்வார். அதற்குப் பழகிய நான் இங்கும் அதை எதிர்பார்த்தேன். அந்த விமானத்தை ஹேங்கருக்குள் கொண்டுபோனார்கள். கணினியையும் ஒரு சென்சரையும் மாற்றினார்கள். கழற்றியவற்றைப் பரிசோதித்தபோது இரண்டும் நன்றாகவே இயங்கினவாம். அந்த எச்சரிக்கை பிறகு வரவில்லை. மாற்றியதால் வரவில்லையா, எப்படியும் வந்திருக்காதா, அன்றைய மழையில் வந்திருக்குமா? எவராலும் சொல்ல இயலாது. அலுவலகத்தில் விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன், பெற்றுக்கொண்டார்கள். நீ சரி என்று ஒருவரும் சொல்லவில்லை. பிழை என்றும் சொல்லவில்லை.

வெற்றிக் கிண்ணங்களுக்குப் பழகிய கைக்கு இது முதலில் பெரிய குறையாகவே தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை, நிறைவாகவே இருக்கிறது. இந்தத் தொழிலுக்கு வர எண்ணும் உங்களுக்கு என் அனுபவத்தில் நான் சொல்லக்கூடியது இதுதான். பேசக் கற்றுக்கொள்ளுங்கள், நன்றாகப் பேசுங்கள். ஆனால் விமானத்தை மறுப்பதற்கு விவாதத்தில் வெல்லவேண்டிய தேவை இல்லை. நீங்கள் மறுத்தது சரிதான் என்று பின்னர் எவரும் நிரூபித்துக் காட்டப் போவதும் இல்லை. பறக்காத பறப்பில் எதுவும் நடப்பதில்லை. ஆகையால் அதற்குச் சாட்சியும் இல்லை. அதைத் தாங்கிக்கொள்ள முடியுமென்றால் வாருங்கள்.

சில நாட்கள் கழித்து அதே குழுவை லண்டனுக்குத் திரும்ப அழைத்துவரும் பணியும் எனக்கே விழுந்தது. லூர்தில், விமானக் கதவருகில் நின்றேன். வரிசையின் முன்னால் ரீற்றா அன்ரி படியேறி வந்தார்.

"பூசை கிடைச்சதோ அன்ரி?" என்று கேட்டேன்.

"கிடைச்சது. விடியக்காலமை, அயர்லாந்துக்காரரோடை சேர்ந்து. தமிழிலை ஒரு வாசகம், ஒரு பாட்டு. முழுப் பூசை இல்லை." இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. "முழுப் பூசைக்கு இனி அடுத்த வருசம் நான் திரும்பவும் அலையவேணும்."

"ஓம் அன்ரி."

உள்ளே ஒரு காலை வைத்தவர் அப்படியே நின்றார். பின்னால் படிகளில் மொத்த வரிசையும் நின்றது. விமானத்தின் கதவு விளிம்பைத் தட்டிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"இதிலை போகலாமோ?"

அதற்கு அழகான விடைகள் பல என்னிடம் இருந்தன.

"ஓம் அன்ரி. போகலாம்."

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. படியில் நின்றவர்கள் பக்கம் திரும்பிக் கையை வீசினார்.

"ஏறுங்கோ, ஏறுங்கோ. பிள்ளை ஓம் எண்டிட்டாள்."